வலது பக்கக் கண்ணாடி

பழைய நீராவி என்ஜின் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துத் தருவதற்காக என்னை வேலைக்கு வைத்தார்கள். நான்கு மாதம் அது கிடைக்காமல் பார்த்துக்கொண்டேன். முப்பத்தாறு வருட ரயில்வே உத்தியோகத்தில் நான் எதையும் அவ்வளவு சிரத்தையாகச் செய்ததில்லை.

வேலைக்கு வைத்தவர் கௌதம்ராஜ். ராஜபாளையத்தில் நூல் மில் குடும்பம், வயது முப்பத்தைந்துக்குள். வெளிநாட்டில் எங்கோ புகைவண்டியில் ஏறி இறங்கிவிட்டு வந்தவர், நம் ஊருக்கும் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஊருக்கு மேற்கே அவர்களுடைய மாந்தோப்பில் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றின் பெருமாள் கோயில் அடிவாரத்தில் இறங்கலாம். சொந்தத் தண்டவாளம், மூன்று பெட்டி, முன்னால் புகை கக்கும் அசல் என்ஜின். ஏறும் இடத்தில் நாய்க்குட்டியோடு போட்டோ, இறங்கும் இடத்தில் பால்கோவா. இதையெல்லாம் வழுவழுப்பான தாளில் கலர் படம் போட்டுப் புத்தகமாகவே அடித்திருந்தார். அதில் மலை இருந்தது, தண்டவாளம் இருந்தது, சிரித்த முகமாகக் குடும்பங்கள் இருந்தன. என்ஜின் மட்டும் இல்லை.

நீராவி என்ஜினைக் கழற்றி மாட்டிய ஆட்களில் இந்தப் பக்கம் தெம்பாக நடமாடுகிறவன் நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லி, வ. புதுப்பட்டியில் என் வீட்டு வாசலுக்கே காரில் வந்தார். ‘ஆலோசகர் கண்ணுச்சாமி’ என்று கார்டு அடித்துத் தருவதாகச் சொன்னார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறொருவனைப் பிடிப்பார், அவன் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர் அவர். ஒரு முழு என்ஜின் அவர் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், பூட்டிக்கிடக்கும் பருத்தி ஜின்னிங் மில்லுக்குள் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அது தொண்ணூற்று நாலாம் வருடத்திலிருந்தே தெரியும். ரயில்வே ஏலத்தில் மில்காரர்கள் எடுத்தபோது, கூடவே போய் ஒப்படைத்துவிட்டு வந்தவனே நான்தான்.

அதன் எண் 2614. என்ஜின் ஷெட்டில் எல்லோருக்கும் அது இருபத்தாறு பதினாலு. அதை ஓட்டியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வேதசிரோமணி அண்ணாச்சி. நான் அதே ஷெட்டில் ஃபிட்டர்.

நீராவி என்ஜினில் டிரைவருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது, பாய்லருக்குள் தண்ணீர் எம்மட்டில் இருக்கிறது என்பது. அதைக் காட்ட அவர் நிற்கும் இடத்தில் வலதும் இடதுமாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். அடியில் உள்ள ஒரு சிறு பித்தளைத் துவாரம் வழியாகப் பாய்லர் தண்ணீர் குழாய்க்குள் வந்து தன் மட்டத்தைக் காட்டும். அந்தத் துவாரம் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் கண்ணாடி பொய் சொல்லும். உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டே போகும், கண்ணாடியில் நிறைய நிற்பதாகத் தெரியும். ரொம்பவும் வற்றினால் நெருப்புப் பெட்டியின் கூரையில் உள்ள ஈயக்கட்டை உருகி, கொதிநீரும் ஆவியும் நெருப்பின் மேல் இறங்கி வெளியே பாயும். எதிரே நின்று கரி போடுகிறவன் கதி அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்றில் ஆயுத பூஜை அன்று மத்தியானம், அண்ணாச்சி ரிப்பேர் புத்தகத்தில் எழுதினார்: வலது கண்ணாடியில் தண்ணீர் மெதுவாக ஏறுகிறது, அடைப்பு எடுக்கவும். எழுதியதோடு நிற்காமல், பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்த என்னிடமும் வந்தார்.

“ஏலே கண்ணாச்சி, பொரியப் பொறவு பங்கு வைக்கலாம். அந்த வலது கண்ணாடியச் செத்தப் பாத்துரு.”

அரை மணி நேர வேலை. ஆனால் ஷெட்டில் இருந்த அத்தனை ஸ்பானரும் சுத்தியலும் குத்துக்கம்பியும் காலையிலேயே கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கப்பட்டிருந்தன. படைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியாமல் தொடக் கூடாது. ஆயுதத்துக்குத்தான் அந்த லீவு, ஓடுகிற என்ஜினுக்குக் கிடையாது. மறுநாள் விடியக்காலையிலேயே 2614 வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஃபோர்மேன் பாண்டிதுரையிடம் போய்க் கேட்டேன். சாமிக்கு வைத்ததை எடுப்பாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். மெதுவாகத்தானே ஏறுகிறது, ஏறாமலா போய்விட்டது, கையெழுத்தைப் போட்டு வை, போய்த் திரும்பி வரட்டும் பார்க்கலாம் என்றார். ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்தியால் செய்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பாதி பக்தி, பாதி சோம்பல். பொரி பங்கு வைக்கும் பொறுப்பு அந்த வருடம்தான் முதன்முதலாக எனக்குக் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டுப் போக மனசில்லை.

மறுநாள் முகப்பில் வாழைக்கன்று கட்டி, பெரிய சந்தனப் பொட்டோடு 2614 புறப்பட்டுப் போனது. வழியில் இடது கண்ணாடி உடைந்துவிட்டது. அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டு வலதை நம்பி ஓட்டியிருக்கிறார்கள். வலது கண்ணாடி கடைசி வரைக்கும் நிறையத்தான் காட்டியது. ஈயக்கட்டை உருகி, கரி போட்டுக்கொண்டிருந்த ஃபயர்மேன் முத்துக்குமரன் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். கான்சாபுரத்துக்காரன், தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவன் தாய் சண்முகத்தாய், அண்ணாச்சியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, “எம்புள்ளய அவிச்சுக் கொண்டாந்துட்டியே பாவி” என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

விசாரணையில் அண்ணாச்சி சொன்னது ஒன்றுதான். அன்றைக்கும் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டுக் கண்ணாடியை ஊதிப் பார்த்தேன், தண்ணீர் மெதுவாகத் திரும்ப ஏறியது, ஆனாலும் ஏறியது, அதைத்தான் முந்தின நாளே எழுதி வைத்தேன் என்றார். புத்தகத்தில் சரி செய்யப்பட்டது என்று என் கையெழுத்து இருந்தது. துவாரத்தைச் சோதித்தோம், அடைப்பு இல்லை என்று ஃபோர்மேன் பாண்டிதுரை எழுதிக் கொடுத்தார். யாரும் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் என்னோடு சேர்ந்து அவரும் போவார். தண்ணீரைக் கவனிக்காமல் ஓட்டி ஒருவனைக் கொன்றதாக அண்ணாச்சியை டிஸ்மிஸ் செய்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் அச்சாபீஸ் ஒன்றில் காவலுக்கு இருந்து மகள் வின்சியை டீச்சருக்குப் படிக்க வைத்தார். வருடத்துக்கு இரண்டு மனு எழுதினார். முப்பத்திரண்டு வருடமாக எல்லா மனுவிலும் ஒரே கோரிக்கை: 2614 எங்கே இருந்தாலும் அதன் வலது பக்கக் கண்ணாடியின் அடித்துவாரத்தைச் சாட்சிகள் முன்னிலையில் திறந்து பார்க்க வேண்டும். என்ஜின் கழிவு இரும்பாக விற்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்துகொண்டே இருந்தது. உருக்கியிருப்பார்கள் என்று அவரும் நினைத்திருக்கிறார்.

உருக்கவில்லை. பாய்லரை ஆவிக்குப் பயன்படுத்தலாம் என்று மில்காரர்கள் எடுத்தார்கள். நெருப்புப் பெட்டியின் கூரை வெந்து தொங்குவதைப் பார்த்த பாய்லர் அதிகாரி, இதைப் பற்றவைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதோடு பங்காளிகளுக்குள் வழக்கு வந்து மில்லைப் பூட்டினார்கள். என்ஜினைச் சுற்றித் தகரம் அடித்து, ஒரு வாட்ச்மேனையும் இரண்டு நாய்களையும் போட்டார்கள். அதனால்தான் பித்தளை எதுவும் களவு போகவில்லை. விபத்துக்குப் பின் ஒருவர் கையும் படாத என்ஜின் அது. அடைத்த துவாரம் அடைத்தபடியே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆகவே நான் கௌதம்ராஜை ஊர் ஊராக அலைய விட்டேன். வடக்கே ஒரு சர்க்கரை ஆலையில் இருந்ததைப் பார்த்துவிட்டுப் பாய்லர் தேறாது என்றேன். ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சக்கரம் தேய்ந்துவிட்டது என்றேன். கர்நாடகத்தில் நல்ல என்ஜின் ஒன்று கிடைத்தே விட்டது. அதைத் தட்டிக் கழிக்க எனக்கு இரண்டு நாள் யோசனை வேண்டியிருந்தது. “அவுனா?” என்று அவர் தெலுங்கில் அதிசயப்பட்டுக் கேட்டுக்கொண்டு, நான் சொன்னதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொள்வார். நல்ல மனிதர். ஏமாற்றுவதற்கு நல்ல மனிதர்களே தோதானவர்கள்.

இந்த ரயில் திட்டம் பேப்பரில் வந்ததைப் படித்துவிட்டு, ஒரு நாள் வேதசிரோமணி அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். எழுபத்தொன்பது வயதில், பஸ்சில், கக்கத்தில் மனு ஃபைலோடு. என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிடம் பார்த்தார். “நல்லாருக்கியாலே” என்று கேட்டுவிட்டுக் கௌதம்ராஜிடம் திரும்பி, நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். தேடுகிற என்ஜின் ஒருவேளை 2614 ஆக இருந்தால், நாலு பேர் முன்னால் அந்தத் துவாரத்தைத் தான் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பென்ஷன் வேண்டாம், மாலை வேண்டாம். சண்முகத்தாய் செத்துப்போனாள், ஆனால் அவள் இளைய மகன் கான்சாபுரத்தில் இருக்கிறான், அவனிடம் போய் நான் கொல்லவில்லை என்று சொன்னால் போதும் என்றார். கையெழுத்துப் போட்ட ஃபிட்டர் யார் என்று அவர் சொல்லவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்ததால்தான் சொல்லாமல் விட்டார். அந்த மரியாதை எனக்குச் செருப்படியாக இருந்தது.

கௌதம்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடமே, அப்படி ஒரு நாள் வந்தால் கேமரா வைத்து எடுக்கலாம், விளம்பரத்துக்கு அருமையாக இருக்கும் என்றார்.

கடைசியில் ட்ரோன்தான் காட்டிக்கொடுத்தது. தண்டவாளம் போகிற வழியைப் படம் எடுப்பதற்காக அதைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். ஜின்னிங் மில் வேப்பமரங்களுக்கு நடுவில் நீளமாகக் கறுப்பாக ஏதோ தெரிந்திருக்கிறது. கௌதம்ராஜ் போனில் காட்டினார். இத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறதே சார், உங்களுக்குக்கூடத் தெரியவில்லையே என்று என்மீது இரக்கப்பட்டார். வழக்கும் அதற்குள் முடிந்து, மில் அவருடைய அத்தை பங்குக்கு வந்திருந்தது. தகரத்தைப் பிரித்தார்கள். எண் பலகையைத் துடைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணாச்சியை வரச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் ஏறி நிற்கப் போகிறார்கள், தரைத்தகடு தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சாவி வாங்கினேன். வாட்ச்மேன் சிவனாண்டி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பினார். செத்த நேரத்தில் வந்துவிடுகிறேன் என்றார், அவசரமில்லை என்றேன்.

பார்க்கத்தான் போனேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை. துவாரம் தானாகத் திறந்திருந்தால் நான் யோக்கியன், அண்ணாச்சிதான் பொய்யர் என்று ஆகிவிடும். அந்த நப்பாசையில் போனேன். அடி நட்டைக் கழற்றிக் கம்பியை விட்டேன். கால் விரற்கடைகூடப் போகவில்லை. உள்ளே உப்பு கல்லாக இறுகிக் கிடந்தது.

கழற்றிய நட்டைத் திரும்ப மாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்த்திருப்பார்கள், நான் தலைகுனிந்து நின்றிருப்பேன், அவ்வளவுதானே. யாரும் என்னை ஜெயிலில் போட்டிருக்கப் போவதில்லை. மகன் போலீசில் எஸ்.ஐ., மருமகள் முன்னால் ஒரு மாதிரி இருக்கும், ஊரில் நாலு நாள் பேசுவார்கள். ஒரு மனிதனின் முப்பத்திரண்டு வருடத்தை ஒரு தட்டிலும் என்னுடைய நாலு நாள் கூச்சத்தை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்து, என் கூச்சம்தான் கனம் என்று முடிவு செய்தேன்.

அன்றைக்கு அரை மணி நேர வேலை. இப்போது இரண்டரை மணி நேரம் ஆனது. கம்பியால் குத்தி, கைத்துளைப்பானால் சுரண்டி, வாயால் ஊதி எடுத்தேன். வெள்ளையும் பழுப்புமாகச் சில்லுச் சில்லாக வந்தது. கைக்குட்டையை விரித்து ஒன்றுவிடாமல் அதில் பிடித்தேன். கடைசியில் கம்பி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. ஸ்பானர் பட்ட பளபளப்பு தெரியாமலிருக்க நட்டின் மேல் பழைய கிரீஸையும் தூசியையும் சேர்த்துப் பூசினேன். தொண்ணூற்றொன்றில் நான் போட்ட கையெழுத்து அன்றைக்குத்தான் உண்மையானது. சிவனாண்டி திரும்பி வந்து, என்ன சார் இம்புட்டு வேர்த்திருக்கு என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி ஆலயத்துக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையில் வந்தார். வின்சி ஒரு கையால் அவரையும் இன்னொரு கையால் ஃபைலையும் பிடித்திருந்தாள். கேமராக்காரர்கள், கௌதம்ராஜ், அவர் அத்தை, பேப்பர்காரர் ஒருவர், நான். ஏறுவதற்கு நான்தான் கை கொடுத்தேன். மேலே ஏறியதும் அவர் ஒரு நிமிடம் எதையும் தொடாமல் நின்றார். பிறகு முத்துக்குமரன் நிற்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் கால் வைக்காமல், வலது பக்கம் போனார்.

ஸ்பானரை என்னிடம் கேட்காமல் தானே கொண்டுவந்திருந்தார். நட்டைக் கழற்ற நேரமானது. சட்டைப் பையிலிருந்து முழ நீளத்தில் ஒரு பித்தளைக் கம்பியை எடுத்தார். எத்தனை வருடமாக வைத்திருந்தாரோ, அது தேய்த்துத் தேய்த்து மின்னியது. எல்லோரையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். சிரித்தார். பிறகு கம்பியைத் துவாரத்துக்குள் விட்டார்.

கம்பி தடையில்லாமல் போய் மறுபக்கம் வந்தது.

வெளியே இழுத்து மறுபடி விட்டார். மறுபடியும் போனது. மூன்றாவது முறை, கம்பியின் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு துணுக்கு உப்புக்கூட ஒட்டவில்லை. நான் அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன். கௌதம்ராஜ் கேமராவை அணைக்கச் சொன்னார். “அப்பா, போதும்ப்பா, வாங்க” என்று கீழே இருந்து வின்சி சொன்னாள்.

அந்த நேரம் எனக்கு நெஞ்சு வெடித்தது என்று எழுத ஆசைதான். வெடிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றுவரை என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணாச்சி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“முப்பத்திரண்டு வருசமா, நீ பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டன்னு உன்னய மனசுக்குள்ள ஏசிக்கிட்டுக் கெடந்தேம்லே. ஜெபத்துலகூட உம்பேரச் சொல்லி ஏசிருக்கேன். தப்பு எம்மேலதான். மன்னிச்சுரு.”

“பரவாயில்ல அண்ணாச்சி” என்றேன். பெருந்தன்மையாகவே சொன்னேன்.

ரயில் ஓடவில்லை. அடிவாரம் காட்டுக்குள் வருகிறது, தண்டவாளம் போட அனுமதி கிடையாது என்றுவிட்டார்கள். கௌதம்ராஜ் அசரவில்லை. 2614-க்குக் கறுப்பும் சிவப்பும் அடித்துத் தன் ஹோட்டல் முன்னால் நிறுத்திவிட்டார். கல்யாண ஜோடிகள் அதில் சாய்ந்துகொண்டு போட்டோ எடுக்கிறார்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள், போனேன்.

அந்தக் கைக்குட்டையை மட்டும் எறியவில்லை. டிபன் டப்பாவுக்குள் போட்டு டூல் பெட்டிக்குள் வைத்திருந்தேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். கொடுத்துவிட வேண்டும், இதுதான் அது, நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

அண்ணாச்சி கட்டிலில் இருந்தார். ஒரு வருடத்துக்குள் பாதியாகிவிட்டார். மனு எழுதுவதை நிறுத்திவிட்டாராம், ஃபைலை வின்சி பரணில் போட்டுவிட்டாளாம். கான்சாபுரம் போய் முத்துக்குமரனின் தம்பி காலில் விழுந்து, உங்க அண்ணனை நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அவன் எழுப்பிவிட்டுத் தண்ணீர் கொடுத்தானாம். இதையெல்லாம் சாவகாசமாகச் சொல்லிவிட்டு, என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

“ஒண்ணு கேக்கேன், நெசத்தச் சொல்லு. அன்னைக்குக் கண்ணாடிய ஊதிப் பாத்தேன்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன். தண்ணி மெதுவா ஏறுனது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கி. ஆனா ஓட்ட சுத்தமால்லா இருக்கு. அப்பம் நான் பாக்கவே இல்ல, மனசுதான் கத கட்டிருக்கு. அப்பிடி ஆகும்லே? ஒரு மனுசனுக்கு அப்பிடி ஆகும்லா?”

என் கை சட்டைப் பைக்குள்தான் இருந்தது. சில்லுகள் துணி வழியாக விரலில் குத்தின. வின்சி வாசல்படியில் நின்று என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வயசாச்சுல்லா அண்ணாச்சி” என்றேன். “ஆகும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணாச்சிக்கு முதல் கேக்கை வெட்டிக் கொடு என்று மகளிடம் சொன்னார். கண்ணாச்சி என்று அவர் என்னைக் கூப்பிட்டது அந்த ஷெட்டுக் காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். வின்சி பெரிய துண்டாக வெட்டி எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொடுத்தாள். பையிலிருந்து கையை எடுத்து வாங்கிக்கொண்டேன். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். மணி அப்போது மூன்றுகூட ஆகவில்லை.